பதாகையில் இல்லாத பகுதி எண்: இந்தியக் கணினிப் பயிற்சியில் தரம் அளக்கப்பட்ட வரலாறு

ஒரு கணினிப் பயிற்சி நிறுவனத்தின் வாயிற்பதாகையில் "இவ்வாண்டு 500 பேர் தேர்ச்சி" என்று எழுதப்பட்டிருக்குமானால், அது ஒரு பின்னத்தின் மேற்பாதி மட்டுமே. தொகுதி எண் இருக்கிறது. பகுதி எண் இல்லை. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் இடைநின்றனர், தேர்வறை வரை சென்றவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனையாவது முயற்சியில் தேறினார் என்பனவெல்லாம் பதாகைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இதை வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சான்றிதழ்த் தேர்வுகளுக்கான பயிற்சி இந்தியாவில் வளர்ந்த வரலாற்றைப் பின்தொடர்ந்தால், அந்தப் பகுதி எண் ஒரு காலத்தில் கைக்கெட்டும் தொலைவில் இருந்ததையும், பின்னர் அது படிப்படியாக நழுவியதையும் காண முடிகிறது. கற்பிப்பவர், தேர்வு நடத்துபவர், தேர்ச்சியைக் கணக்கிட்டு அறிவிப்பவர் ஆகிய மூவரும் வேறுவேறாக இருந்த இடங்களில் பயிற்சியின் தரத்தை ஓரளவேனும் மதிப்பிட முடிந்தது. மூவரும் நெருங்கிய இடங்களில் முடியவில்லை. இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுவே.

கணினிக்கு முந்தைய ஒரு முன்மாதிரியிலிருந்து தொடங்குவது பொருத்தம். தமிழ்நாட்டின் சிற்றூர்கள்வரை பரவியிருந்த தட்டச்சுப் பயிலகங்கள் பெரும்பாலும் தனியாருடையவை. தேர்வை நடத்துவதோ அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். 'லோயர்', 'ஹையர்' என மக்கள் வழக்கில் நிலைத்துவிட்ட அத்தேர்வுகளில் ஆங்கிலத் தட்டச்சுக்கு முறையே நிமிடத்துக்கு 30, 45 சொற்கள் என்பது வேக அளவு. பயிலகத்தின் உரிமையாளருக்கு வினாத்தாளிலும் பங்கில்லை, மதிப்பெண்ணிலும் பங்கில்லை. இதைவிட முக்கியமான இயல்பு ஒன்றும் அத்தேர்வுக்கு உண்டு. தட்டச்சு செய்ய வேண்டிய பத்தி எது என்பது முன்கூட்டியே தெரிந்தாலும், விரல் பழகாதவருக்கு அதனால் பெரும்பயன் விளையாது. எது அளக்கப்பட வேண்டுமோ அதையே நேரடியாக அளந்த தேர்வு அது. பிற்காலத்துக் கணினிச் சான்றிதழ்கள் பெருஞ்செலவில் மீண்டும் கண்டடைய முயன்ற இயல்பு இதுதான் என்பதைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

1978-இல் ஐபிஎம் நிறுவனம் இந்தியாவைவிட்டு வெளியேறியது. கணினி வல்லுநர் தேவையை நிறைவுசெய்யும் பொருட்டு, பேராசிரியர் வி. ராஜாராமன் போன்றோரின் முன்னெடுப்பால் 1980களின் தொடக்கத்தில் எம்சிஏ என்னும் முதுநிலைப் படிப்பு பல்கலைக்கழகங்களில் உருப்பெற்றது. ஆனால் பல்கலைக்கழக இடங்கள் மிகக் குறைவு. அந்த இடைவெளியில்தான் தனியார் பயிற்சித் தொழில் பிறந்தது. 1981-இல் ராஜேந்திர பவாரும் விஜய் தடானியும் என்ஐஐடியைத் தொடங்கினர். 1986-இல் ஆப்டெக் வந்தது. 1984-இன் கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்திய பின்னர், பெருநகரங்களில் மட்டுமன்றி மாவட்டத் தலைநகரங்களிலும் குளிரூட்டப்பட்ட அறைகளும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்லும் வழக்கமும் கொண்ட கணினி மையங்கள் பெருகின. ஃபிரான்சைஸ் முறையே அவற்றின் விரைவான பரவலுக்குக் காரணம். இடம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. பெயரை வாங்கியவர் எவ்வாறு கற்பிக்கிறார் என்பதைப் பெயரை விற்றவர் உறுதிப்படுத்துவார் என்பது நம்பிக்கை. பட்டயம் வழங்கியதும் அந்த நிறுவனமே, பாடம் நடத்தியதும் அதுவே, தேர்வு வைத்ததும் அதுவே. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கு 1987-இல் சட்டத் தகுதி கிடைத்தது; எனினும் இம்மையங்கள் முறைசாராக் கல்வி என்ற பெயரில் அதன் வழக்கமான எல்லைக்கு அப்பால் நின்றன.

இப்பின்னணியில் 1990-இல் மத்திய மின்னணுவியல் துறையும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் இணைந்து கொண்டுவந்த கணினிப் பாட அங்கீகாரத் திட்டம், அதாவது 'டோயாக்', உரிய கவனத்தைப் பெறாத ஒரு நிறுவனப் புதுமை. ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகள். அடிப்படைப் படிப்பு முதல் முதுநிலைத் தொழில்நுட்பப் படிப்புக்கு இணையான நிலை வரை. பயிற்சியளிப்பது தனியார் மையம். பாடத்திட்டம் வகுப்பதும், ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு நடத்துவதும் திட்டத்தின் பொறுப்பு. தட்டச்சுத் தேர்வில் மாநில அளவில் இருந்த பிரிவினை இங்குக் கணினிக்கு, இந்திய அளவில் கொண்டுவரப்பட்டது எனலாம். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் திட்டப்பணியும் இருந்தன. தேர்வு கடினமானது என்ற பெயரை அது விரைவிலேயே பெற்றது. தம் சொந்தப் பட்டயத்தை எளிதாக வழங்கிக்கொண்டிருந்த மையங்கள் பல இதன்மீது பேரார்வம் காட்டாததற்கு அக்கடுமையே போதிய விளக்கம். ஒரு வணிகர் தம் பொருளை வேறொருவர் எடைபோடுவதை ஏன் விரும்ப வேண்டும்?

அங்கீகாரம் வழங்கும்போது ஆய்வாளர்கள் எதைப் பார்த்தனர்? கணினிகளின் எண்ணிக்கை, ஆசிரியர்களின் கல்வித் தகுதி, நூலகம், ஆய்வக வசதி. இவையனைத்தும் உள்ளே இடப்படுபவை. வெளியே வருவதை இவை சொல்லா. பத்துக் கணினிகள் இருக்கும் அறையில் மாணவர் எத்தனை மணி நேரம் விசைப்பலகையைத் தொட்டார் என்பதை ஆய்வு நாளில் ஒருவர் அறிய வழியில்லை. அக்கால இந்திய உயர்கல்வியின் பொதுப்போக்கும் இதுவே என்பதால், இத்திட்டத்தை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது.

ஆனால் திட்டத்தினுள் வேறொரு கதவு திறந்திருந்தது. அங்கீகாரம் பெற்ற மையத்தில் படிக்காதவரும், உரிய தகுதியிருப்பின், நேரடித் தேர்வராக அதே தேர்வை எழுதலாம். சமத்துவ நோக்கில் திறக்கப்பட்ட கதவாக இதைக் காண்பதே வழக்கம். மதிப்பீட்டியல் நோக்கில் இதன் பொருள் வேறு. ஒரே வினாத்தாள், ஒரே நாள், ஒரே திருத்துமுறை. ஒரு சாரார் பணம் கட்டிப் பயிற்சி பெற்றவர், மறுசாரார் தாமே படித்தவர். பயிற்சி எதைச் சேர்த்தது என்ற வினாவுக்கு இதைவிட இயல்பான ஒப்பீட்டுக் களம் அமைவது அரிது. இரு சாராரும் முன்னறிவிலும் ஊக்கத்திலும் வேறுபட்டவர்கள் என்பதால் நேரடி ஒப்பீடு போதாது. பணி அனுபவம், முன்கல்வி, முயற்சி எண்ணிக்கை ஆகியவற்றைச் சரிசெய்தே எதையும் கூற வேண்டும். அவ்வளவு எச்சரிக்கையோடும் இது மதிப்பு மிக்க தரவு. ஒரு மையத்தில் படித்தோரின் தேர்ச்சி, ஒத்த பின்னணியுடைய நேரடித் தேர்வரின் தேர்ச்சியைவிட உயர்ந்திருந்தால் அம்மையத்தின் கற்பித்தலுக்குப் பெருமை சேரும். இல்லையேல், கட்டணம் எதற்குச் செலுத்தப்பட்டது என்ற கேள்வி எழும். ஒரு பெற்றோர் மையத்தின் வாயிலில் நின்று தீர்மானிப்பதற்கு உதவியிருக்கக்கூடிய எண் இது. பதாகைகளில் அது ஒருபோதும் இடம்பெறவில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு மாதிரி உருவாகிக்கொண்டிருந்தது. நெட்வேர் என்னும் வலைப்பின்னல் மென்பொருளை விற்ற நாவெல் நிறுவனம், அதை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. 1990 அளவில் அத்தேர்வுகள் கணினிவழித் தேர்வு மையங்களுக்கு மாறின. 1992-இல் மைக்ரோசாஃப்ட் தன் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கிற்று. 1993-இல் சிஸ்கோவின் சிசிஐஇ வந்தது. ப்ரோமெட்ரிக், விஇயு போன்ற நிறுவனங்கள் தேர்வறைகளை உலகெங்கும் திறந்தன. தேர்வர் எந்த நாளிலும் பதிவுசெய்து, தேர்வு முடிந்த மறுநிமிடமே முடிவைப் பெற்றுச் செல்லலாம். ஆண்டுக்கு இருமுறை மட்டும் நடக்கும் அரசுத் தேர்வுக்காகவும், அதன் முடிவுக்காகவும் காத்திருந்த இந்திய இளைஞருக்கு இது பெரும் ஈர்ப்பு. 1990களின் பிற்பகுதியில், 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலை முன்னிட்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புகள் பெருகியபோது, எம்சிஎஸ்இ என்ற நான்கெழுத்து ஒரு குடும்பத்தின் கனவாகவே மாறியது.

இங்குக் கட்டமைப்பு நுட்பமாக மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். தேர்வறை மையத்துக்கு வெளியேதான் இருந்தது. ஆகவே பிரிவினை காக்கப்பட்டதுபோல் தோன்றும். ஆனால் பாடநூல் வெளியிடுவதும், வினா உருவாக்குவதும், எந்த மையம் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று தீர்மானிப்பதும், சான்றிதழ் வழங்குவதும் மென்பொருளை விற்கும் அதே நிறுவனம். தன் பொருளை அறிந்தோர் பெருகப் பெருக அதற்கு ஆதாயம். தேர்ச்சி பெற்றோரின் உலகளாவிய எண்ணிக்கையை இத்தகைய நிறுவனங்கள் மகிழ்ச்சியோடு அறிவித்தன. எந்தப் பயிற்சி மையத்தின் மாணவர் எத்தனை விழுக்காடு தேறினர் என்பதைப் பொதுவெளியில் வைக்க அவற்றுக்குத் தேவை எழவில்லை.

வினாக்களின் இயல்பும் சிக்கலைக் கூட்டிற்று. தேர்வுகள் பெரும்பாலும் கொள்குறி வினாக்களால் ஆனவை. ஒரே வினா வங்கியிலிருந்து நாள்தோறும் உலகெங்கும் வினாக்கள் எடுக்கப்பட்டன. தேர்வறையிலிருந்து வெளியே வந்தவர் நினைவிலிருந்து எழுதித் தந்த வினாக்கள் தொகுக்கப்பட்டு 'டம்ப்ஸ்' என்ற பெயரில் கைமாறின. 2002-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர், மைக்ரோசாஃப்ட் தேர்வு வினாக்களை இணையத்தில் விற்றதற்காக வணிக இரகசியத் திருட்டுக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட வழக்கு பரவலாகப் பேசப்பட்டது. 'பேப்பர் எம்சிஎஸ்இ' என்ற ஏளனச் சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது: தாளில் பொறியாளர், இயந்திரத்தின் முன் புதியவர். இந்நிலையில் உயர்ந்த தேர்ச்சி விழுக்காடு எதைக் காட்டும்? சிறந்த கற்பித்தலையும் காட்டலாம், சிறந்த டம்ப்ஸையும் காட்டலாம். 100 விழுக்காடு தேர்ச்சி என்ற அறிவிப்பு நம்பிக்கையூட்டுவதற்கு மாறாக ஐயத்தை எழுப்பும் விந்தையான நிலை உருவாயிற்று. ஒரு சமூக அளவுகோல் முடிவெடுப்புக்கு எவ்வளவு மிகுதியாகப் பயன்படுகிறதோ அவ்வளவுக்கு அது சிதைவுக்கு ஆளாகும் என்று டொனால்டு கேம்பல் 1970களிலேயே வாதிட்டிருந்தார். அவர் கண்முன் வைத்திருந்த எடுத்துக்காட்டுகளுள் கல்வித் தேர்வுகளும் ஒன்று.

ஹைதராபாதின் அமீர்பேட்டை இவ்வரலாற்றில் தனி இயல் பெறத் தக்கது. மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மாடிமேல் மாடியாக அடுக்கப்பட்ட பயிற்சிக்கூடங்கள். கட்டணமோ பெருநிறுவனங்கள் வாங்கியதில் ஒரு பகுதி. அங்குள்ள விளம்பரங்களில் நிறுவனத்தின் பெயரைவிட ஆசிரியரின் பெயரே பெரிய எழுத்தில் இருக்கும். புதிய தொகுதி தொடங்கும்போது முதல் சில வகுப்புகள் 'டெமோ'. கட்டணமின்றி அமரலாம், பிடிக்காவிட்டால் அடுத்த மாடிக்குப் போகலாம். நல்லாசிரியரின் வகுப்புக் குறிப்புகள் கையெழுத்துப் படிகளாகவே நகலெடுக்கப்பட்டுக் கடைகளில் விற்பனையாகும். எந்த அங்கீகாரமும் அற்ற இத்தெருக்கள் தரத்தை அளப்பதற்குத் தமக்கென ஒரு முறையை உருவாக்கிக்கொண்டன என்பதைக் கல்வியாளர்கள் எளிதில் புறக்கணித்துவிடுகின்றனர். வாங்கும் முன் சுவைத்துப் பார்க்கும் சந்தை முறை அது. அதன் வரம்பும் வெளிப்படை: டெமோ வகுப்பில் தெரிவது ஆசிரியரின் நாவன்மை, நாற்பதாம் நாளில் மாணவர் தாமே ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவாரா என்பது அங்கே தெரியாது. ஆயினும், ஆய்வாளர் வருகைக்காக ஒருநாள் வாடகைக்கு நிரப்பப்படும் நூலக அலமாரியைவிட ஒரு மணி நேர டெமோ நேர்மையான சான்று என்றே கொள்ள வேண்டும்.

அத்தெருக்களில் பணயமாக வைக்கப்பட்டது என்ன என்பதைச் சியாங் பியாவ் என்னும் மானிடவியலாளர் 2007-இல் வெளியான 'குளோபல் பாடி ஷாப்பிங்' என்ற நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். ஆந்திரக் குடும்பங்கள் மகனின் கணினிக் கல்விக்குச் செலவிட்ட தொகையும், வெளிநாடு செல்லும் கணினி வல்லுநருக்குரிய வரதட்சணையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததை அவர் எடுத்துரைக்கிறார். விளைநிலத்தின் உபரி வகுப்பறைக் கட்டணமாயிற்று. அந்தச் செலவின் ஒரு பகுதியை இன்னொரு வீட்டுப் பெண்ணின் சீர்வரிசை ஈடுசெய்தது. 2000, 2001-இல் அமெரிக்கத் தொழில்நுட்பச் சந்தை சரிந்தபோது, பயிற்சி பெற்றும் வேலை பெறாதோர் பெருந்திரளாக நின்றனர். அவர்கள் பயின்ற பயிற்சி தரமற்றதா, தரமான பயிற்சிக்குச் சந்தை இல்லையா? இரண்டையும் பிரித்தறியும் கருவி யாரிடமும் இல்லை. வேலைவாய்ப்பு விழுக்காட்டைத் தர அளவுகோலாகக் கொள்வோர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 1999-இல் பெருமளவு வேலைவாய்ப்புப் பெற்றுத்தந்த ஒரு மையம், பாடத்தையும் ஆசிரியரையும் மாற்றாமலேயே 2001-இல் தோல்வி கண்டிருக்கக்கூடும்.

தேர்வின் வடிவத்தை மாற்றுவதே தீர்வு என்று கண்டவர்களும் இருந்தனர். சிசிஐஇ தொடக்கம் முதலே ஆய்வகத் தேர்வைக் கொண்டது. இரண்டு நாட்கள் நடந்த அது 2001-இல் ஒருநாள் தேர்வாகச் சுருங்கியது. குறிக்கப்பட்ட நேரத்துக்குள் வலைப்பின்னலை இயக்கிக் காட்ட வேண்டும். பெங்களூரிலும் இத்தேர்வகம் அமைந்தது. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்ஹெச்சிஇ தேர்வும் இயங்கும் கணினியில் செய்முறையாகவே நடப்பது. தட்டச்சுத் தேர்வின் பழைய நியாயம் இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. வினாக்கள் கசிவதால் இத்தேர்வுகளுக்கும் ஊறு விளையவே செய்யும்; ஆயினும் விடையின் எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தேறுவது கடினம். ஆகவே இத்தகைய தேர்வுகளுக்கான பயிற்சி மையத்தை மதிப்பிடுவோர், மாணவருக்குத் தனியே எத்தனை மணி நேரம் கருவிகள் கிடைக்கின்றன என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் செய்முறைத் தேர்வுக்குச் செலவு மிகுதி. திரளான இளைஞர்கள் எழுதுவதோ கொள்குறித் தேர்வுகளையே.

எதிர்த்திசையிலும் ஒரு நகர்வு நிகழ்ந்தது. ஆரக்கிள் தன் ஓசிபி சான்றிதழுக்கும், விஎம்வேர் தன் விசிபி சான்றிதழுக்கும், அங்கீகரிக்கப்பட்ட வகுப்பு ஒன்றிலாவது கலந்துகொண்டிருப்பதை நிபந்தனையாக்கின. டம்ப்ஸால் தேறுவோரைத் தடுக்கும் ஏற்பாடு என்று இதற்கு நியாயம் கூறலாம். பயிற்சி வருவாயைப் பெருக்கும் ஏற்பாடு என்றும் கூறலாம். விளைவு எதுவாயினும் தரமதிப்பீட்டுக்கு இழப்பே. தாமே படித்துத் தேர்வெழுதும் வழி மூடப்பட்டவுடன் ஒப்பிடுவதற்கான மறுசாரார் மறைந்துபோகின்றனர். அனைவரும் வகுப்பில் அமர்ந்தவரே எனில், வகுப்பு என்ன சேர்த்தது என்ற வினாவையே கேட்க இயலாது. தகவல் பாதுகாப்புக்கான சிஐஎஸ்எஸ்பி, இதற்கு மாறாக, வகுப்பைக் கட்டாயமாக்காமல் ஐந்தாண்டுப் பணி அனுபவத்தை வேண்டுகிறது. டோயாக் திறந்துவைத்த கதவின் அருமை இந்த ஒப்பீட்டில்தான் புலப்படுகிறது.

பயிற்சி மதிப்பீடு ஒரு துறையாக வளர்ந்தது இவற்றுக்கெல்லாம் முன்பே. டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959, 1960 ஆண்டுகளில் எழுதிய நான்கு கட்டுரைகள் பயிற்சியின் விளைவை நான்கு படிகளில் அளக்கச் சொல்லின: பங்கேற்றோரின் மனநிறைவு, கற்றது, பணியில் அதைக் கையாளும் விதம், நிறுவனத்துக்கு விளைந்த பயன். நடைமுறையில் பெருமளவு பின்பற்றப்பட்டது முதற்படி மட்டுமே. வகுப்பின் கடைசி நாளில் தேநீரோடு வரும் கருத்துப் படிவம்தான் அது. அப்படிவத்தில் உயர்ந்த மதிப்பெண் பெறுவது, குளிரூட்டி நன்கு வேலைசெய்த அறையும் நகைச்சுவையாகப் பேசும் ஆசிரியருமாக இருத்தல் கூடும். மூன்றாம் படியை நெருங்கிய இந்திய முயற்சி என என்ஐஐடியின் ஜிஎன்ஐஐடி திட்டத்தைச் சொல்லலாம். அதில் ஓராண்டுப் பணிக்களப் பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மாணவரை ஓராண்டு வேலையில் வைத்துப் பார்க்கும் வேலையளிப்பவரின் கருத்து, எந்தப் படிவத்தையும்விட எடை மிக்கது.

அரசு 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் பயிற்சியாளரையும் மதிப்பீட்டாளரையும் மீண்டும் பிரிக்க முயன்றது. பயிற்சி மையத்துக்கான தொகையை மூன்று தவணைகளாக்கி, பெரும்பகுதியைச் சான்றிதழோடும் இறுதித் தவணையை வேலைவாய்ப்போடும் பிணைத்தது. நோக்கம் நன்று. ஆனால் மாணவர் தேறினால்தான் பணம் வரும் என்ற நிலையில், தேர்வாளர்மீது விழும் அழுத்தத்தைக் கணிப்பது கடினமன்று. சாரதா பிரசாத் தலைமையிலான குழு தன் அறிக்கையில், துறைவாரித் திறன் குழுமங்களில் நிலவிய நலமுரணைக் கடுமையாகச் சுட்டியது. 2018 டிசம்பரில் தேசிய தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம் அறிவிக்கப்பட்டபோது, சான்றளிக்கும் அமைப்புகளையும் மதிப்பீட்டு முகமைகளையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அதனிடம் தரப்பட்டது. 1990-இல் ஒருமுறை கண்ட உண்மையை இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டதாகவே இதைக் கொள்ள வேண்டியுள்ளது.

சட்டத்தின் பார்வையும் இதற்கிடையே மாறியது. 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு தீர்ப்பில், முறைசார் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்கு அப்பாற்பட்டவை என்றும், பயிற்சி மையங்களை அவற்றோடு ஒன்றாகக் கருத முடியாது என்றும் கூறிற்று. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வெற்றிபெற்றவரின் படத்தை வெளியிட அவருடைய ஒப்புதல் வேண்டும். அவர் எந்தப் படிப்பில், எவ்வளவு காலம் பயின்றார், கட்டணம் செலுத்தினாரா என்பதைக் குறிப்பிட வேண்டும். வேலை உறுதி, தேர்ச்சி உறுதி போன்ற வாக்குறுதிகள் கூடா.

ஒரு வார நேர்முகப் பயிற்சிக்கு மட்டும் வந்தவரை ஈராண்டு மாணவராகக் காட்டும் பழக்கத்துக்கு இந்நெறிகள் தடையிடுகின்றன. தொகுதி எண் இனிச் சற்று நேர்மையாகும். ஆயினும் இவை கேட்கும் விவரங்கள் அனைத்தும் வெற்றிபெற்றவரைப் பற்றியவை. டோயாக் 2011 முதல் நைலிட் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் சிசிசி சான்றிதழ் உத்தரப் பிரதேசத்தில் அரசு எழுத்தர் பணிக்கே தகுதியாகக் கேட்கப்படுகிறது. அதன் ஓ நிலைத் தேர்வை மையத்தில் பயின்றவரும் நேரடித் தேர்வரும் இன்றும் எழுதுகின்றனர். ஒவ்வொரு பதிவிலும் தேர்வரின் வகை குறிக்கப்படுகிறது. ஆய்வு மாணவர் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் முதலில் கேட்க வேண்டியது, மையவாரியாகவும் முயற்சிவாரியாகவும் பிரிக்கப்பட்ட அந்த இருவகைத் தேர்வரின் எண்ணிக்கையை.